டிபாலில் முதல் பத்து வாரம்: சிகாகோவுக்குப் படிக்க வருபவர்களுக்கு

ஒரு செப்டம்பர் கடைசியில் மதுரைத் தம்பி ஒருவன் போன் செய்தான். டிபால் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "ரூம் இப்பத்தாண்ணே செட் ஆச்சு. கட்டில் வந்துருச்சு, அரிசி பருப்பு வாங்கியாச்சு. இனிமே உக்காந்து படிக்க வேண்டியதுதான்" என்றான். நல்ல சந்தோஷத்தில் இருந்தான். மிட்டெர்ம் இன்னும் இரண்டே வாரத்தில் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

டிபாலில் செமஸ்டர் கிடையாது, குவார்ட்டர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதால் வீட்டுக்குப் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். "இந்தக் குவார்ட்டர் முடிஞ்சதும் கூப்பிடுறேம்மா" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தவர்கள் உண்டு. இலையுதிர், குளிர், வசந்தம் என்று ஆண்டுக்கு மூன்று முழுக் குவார்ட்டர், அப்புறம் கோடைக்கால வகுப்புகள். ஒவ்வொன்றும் பத்து வாரம், பதினோராவது வாரம் தேர்வு. சட்டக் கல்லூரி மட்டும் செமஸ்டர் முறையில் ஓடுகிறது.

வருகிறவர்கள் விசாவுக்குப் பயப்படுகிறார்கள், குளிருக்குப் பயப்படுகிறார்கள். ஆளைச் சாய்ப்பது இந்தப் பத்து வாரக் கடிகாரம்தான். அதனால் கீழே சொல்வதையெல்லாம் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்: எதை வகுப்பு தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்.

முதலில், எங்கே வருகிறீர்கள்

டிபால் 1898இல் புனித வின்சென்ட் கல்லூரியாகத் தொடங்கி 1907இல் இப்போதைய பெயரைப் பெற்றது. தொடங்கியவர்கள் வின்சென்ஷியன் சபைத் துறவிகள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஏழைகளுக்காக உழைத்த புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய சபை அது. நம்மூர்ப் பங்குகளில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் துணியும் கொடுக்கும் 'வின்சென்ட் தே பவுல் சபை'யைப் பார்த்திருப்பீர்கள். அது பொதுநிலையினர் பின்னாளில் அவர் பெயரில் தொடங்கியது. மாணவர் எண்ணிக்கையில் அமெரிக்காவின் மிகப் பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் டிபால்தான். 20,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள்.

"கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றால் ஜெபம் கட்டாயமா, பூசைக்குப் போகணுமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நம்மூர் மிஷன் பள்ளிக்கூடத்துக் காலை அசெம்பிளியை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். எந்த மதத்தாரும் தொழ இடம் உண்டு. முஸ்லிம், யூத, இந்து மாணவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். இளநிலைப் படிப்புக்கு வருபவர்கள் மட்டும் பொதுப் பாடங்களின் வரிசையில் சமயம் சார்ந்த பாடமும் எடுக்க வேண்டும். அது இந்து சமயம், பௌத்தம் பற்றியதாகக்கூட இருக்கலாம். எம்.எஸ்., எம்.பி.ஏ. ஆட்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

கத்தோலிக்க வாசனை வேறு இடங்களில் அடிக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைப்பதை இவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நம்மூர் 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற பேச்சு இங்கேயும் அப்படியே காதில் விழும். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மாணவர்கள் கூட்டமாக நகரத்துக்குள் போய்த் தொண்டு செய்யும் நாள் ஒன்று உண்டு. ஒருமுறை போய்ப் பாருங்கள்; நீங்கள் குடியிருக்கும் நகரத்தின் மறுபக்கம் தெரியும்.

இன்னொரு வேடிக்கை: இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்குப் பெயர் 'நீலப் பிசாசுகள்'. பழைய அணிச் சட்டையில் 'டி' என்ற எழுத்து இருந்தது, அதனால் 'டி-மென்' என்றார்கள், அது மருவி 'டீமன்ஸ்' ஆயிற்று. துறவிகள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிகாகோவில் லயோலா என்று இன்னொரு பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நுங்கம்பாக்கம் லயோலாவை நடத்தும் அதே இயேசு சபையினருடையது. ஊரில் உறவினர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். குழப்பட்டும், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் சரியாக இருந்தால் போதும்.

ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

சேர்க்கைக் கடிதம் வந்து, பணம் இருப்பதற்கான சான்றை அனுப்பியதும் பல்கலைக்கழகம் ஐ-20 தரும். அதில் பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் நமக்கு வரும் சிக்கல் உலகப் பிரசித்தம். அப்பா பெயர் குடும்பப் பெயராகி, நம் பெயர் நடுப்பெயராகி நிற்கும். திருத்த வேண்டியிருந்தால் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது செவிஸ் என்ற பன்னாட்டு மாணவர் அரசுப் பதிவேட்டுக்கான கட்டணம், 350 டாலர். ரசீதை அச்செடுத்து வையுங்கள். பிறகு விசா விண்ணப்பம், 185 டாலர். கைரேகைக்கு ஒரு நாள், ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்துத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன வருடம் போன அண்ணன் சொன்னதை நம்பாமல் தூதரகத் தளத்தை நேரடியாகப் பாருங்கள். நேர்காணலில் 'ஏன் டிபால்?' என்று கேட்டால் மனப்பாடம் ஒப்பிக்காதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் இரண்டு பாடங்களின் பெயரைச் சொல்லி, அவை எதற்கு என்று சொல்லத் தெரிந்தால் பேச்சு இயல்பாகப் போகும்.

பலரும் கோட்டைவிடுவது தடுப்பூசியில். இல்லினாய் மாநிலச் சட்டப்படி கல்லூரி மாணவர்கள் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும்: தட்டம்மை-புட்டாளம்மை-ருபெல்லா ஊசி, டெட்டனஸ்-தொண்டை அடைப்பான் ஊசி, 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசியும். இவற்றில் சில, இடைவெளி விட்டுப் பல தவணைகள் போட வேண்டியவை. அதனால் ஏப்ரல், மே மாதமே தொடங்குங்கள். சான்று கொடுக்காவிட்டால் உங்கள் கணக்கில் ஒரு தடை விழும், அடுத்த குவார்ட்டருக்குப் பாடம் பதிய முடியாது. ஊரில் சில நூறு ரூபாயில் முடிவதற்கு இங்கே டாலரில் அழ வேண்டாம்.

கணினிப் படிப்புக்கு வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தப் படிப்புகள் டிபாலின் கணினிக் கல்லூரியான ஜார்விஸ் கல்லூரியின் கீழ் வருகின்றன. வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கு நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு போன்ற அடித்தளப் பாடங்களைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஏற்கெனவே படித்திருந்தால் மதிப்பெண் பட்டியலைக் காட்டியோ, தேர்வு எழுதியோ விலக்குப் பெற வழி உண்டா என்று ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு பாடம் குறைந்தால் பல ஆயிரம் டாலர் மிச்சம். பயணத்துக்கு முந்தைய மாதத்தில் இதைவிட லாபமான வேலை வேறு கிடையாது.

பெட்டியில் என்ன வைப்பது? குக்கர், மசாலாப் பொடிகள், மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி, மருத்துவர் சீட்டோடு மருந்துகள். தி.நகரில் வாங்கும் குளிர் ஜாக்கெட் வேண்டாம். அது ஊட்டிக்கு உதவும்.

இறங்கும் நாள்

ஐ-20இல் உள்ள தொடக்க தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த 30 நாளை முடிந்தவரை முழுதாகப் பயன்படுத்துங்கள். வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு வந்திறங்கியவர்கள் முதல் மூன்று வாரத்தைத் தொலைக்கிறார்கள். மேலே சொன்ன மதுரைத் தம்பி அப்படித்தான்.

ஓஹேர் விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஐந்தாம் முனையத்துக்கு வரும். அங்கிருந்து விமான நிலையத்துக்குள்ளேயே ஓடும் இலவச ரயிலில் ஏறி மற்ற முனையங்கள் பக்கம் போனால், நிலத்தடியில் புளூ லைன் நிலையம். இரவு பகல் பாராமல் ஓடும் ரயில் அது. நகர மையத்தில் ஜாக்சன் நிலையத்தில் இறங்கி, சுரங்க வழியாக நடந்தால் வடக்கே போகும் ரெட் லைன் ரயில். இரண்டு பெரிய பெட்டி இருந்தால் வீரம் காட்டாமல் டாக்சி பிடியுங்கள். ஒரு பெட்டியென்றால் ரயிலே போதும்.

டிபாலுக்கு முக்கியமாக இரண்டு வளாகங்கள். ஒன்று நகர மையமான லூப் பகுதியில், ஜாக்சன் நிலையத்தில் படியேறி வெளியே வந்தால் அங்கேயேதான். வணிகக் கல்லூரி, கணினிக் கல்லூரி, சட்டக் கல்லூரி எல்லாம் இங்கே. மதிற்சுவர், ஆர்ச், வாட்ச்மேன் எதுவும் தேடாதீர்கள். தெருவோரக் கட்டடங்கள்தான் கல்லூரி. அதில் பெரிதான டிபால் சென்டர், முன்பு கோல்ட்பிளாட்ஸ் என்ற பலமாடி அங்காடி. ரங்கநாதன் தெருக் கடை ஒன்றைக் கல்லூரியாக மாற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று வடக்கே லிங்கன் பார்க் வளாகம், ஃபுல்லர்டன் நிலையத்தை ஒட்டி. மரம், புல்வெளி, தேவாலயம், பெரிய ரிச்சர்ட்சன் நூலகம் என்று படத்தில் பார்த்த கல்லூரி அதுதான். இரண்டுக்கும் நடுவே ரெட் லைனில் கால் மணி நேரம்.

முழுநேர மாணவர்களுக்கு யூ-பாஸ் என்ற பயண அட்டை கிடைக்கும். அதற்கான தொகை கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். குவார்ட்டர் நடக்கும் நாட்களில் நகரப் பேருந்து, ரயில் எதிலும் கணக்கில்லாமல் போகலாம். விடுமுறையில் அது வேலை செய்யாது என்பது டிசம்பரில் தெரியவரும்.

ஊரின் கணக்கைப் பிடியுங்கள்

சிகாகோவில் வழி தவறுவது கஷ்டம், ஒரு விஷயம் தெரிந்தால். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து வீட்டு எண்ணில் 800 கூடினால் ஒரு மைல். ஃபுல்லர்டன் தெரு 2400 வடக்கு, அதாவது மூன்று மைல். நம் மளிகைக் கடைகள் உள்ள டெவன் தெரு 6400 வடக்கு, எட்டு மைல். ஜாக்சன் 300 தெற்கு, ஆக நடக்கிற தூரம். வாடகை விளம்பரத்தில் முகவரியைப் பார்த்தவுடனே வளாகம் எவ்வளவு தூரம் என்று மனக்கணக்கில் சொல்லிவிடலாம். திசை குழம்பினால் ஏரியைத் தேடுங்கள். மிச்சிகன் ஏரி எப்போதும் கிழக்கே.

இந்தக் கணக்கோடு ஒரு மாலை லூப் வளாகத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு நடந்து பாருங்கள். மிச்சிகன் அவென்யூவில் வாசலில் இரண்டு சிங்கச் சிலைகளோடு நிற்கும் கலை அருங்காட்சியகம் வரும். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவர் பயணத்துக்கு அளசிங்கப் பெருமாளும் மற்றச் சென்னைச் சீடர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். கல்விக் கடன் வாங்கி வந்த நமக்கு அந்தக் கதை கொஞ்சம் நெருக்கமாகப் படும்.

வீடு

எம்.எஸ். மாணவர்கள் பெரும்பாலும் வெளியில் அறை எடுத்துத்தான் தங்குகிறார்கள். லிங்கன் பார்க் அழகான இடம், வாடகையும் அழகாகத்தான் இருக்கும். ரெட் லைன் வழியே வடக்கே போகப் போக, அப்டவுன், எட்ஜ்வாட்டர், ராஜர்ஸ் பார்க் பக்கம் வாடகை இறங்கும், டெவன் தெருவும் கிட்டே வரும். நான் பரிந்துரைப்பது ராஜர்ஸ் பார்க். ரயிலில் நாற்பது, ஐம்பது நிமிடம் ஆகும்; உட்கார இடம் கிடைக்கும், படிக்கலாம். ஒரே தொல்லை, ஆடிசன் நிலையத்தில் பேஸ்பால் ஆட்டம் உள்ள நாட்களில் வரும் கூட்டம். நம்மூர்ச் சேப்பாக்கத்து ஐ.பி.எல். நாள் மாதிரி.

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஊரிலிருந்தே பதிய வேண்டிய நிலையென்றால், இங்கே இருக்கும் மாணவர் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பொதுவாக ஒரு வருடம். அட்வான்ஸுக்குப் பதில் 'குடிபுகும் கட்டணம்' என்று இங்கே பலர் வாங்குகிறார்கள். பெயர் மாறினால் என்ன என்று நினைக்காதீர்கள். அட்வான்ஸ் திரும்பி வரும், இது வராது. என் முதல் வீட்டில் இந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி செய்யும்போது பணத்தைக் கேட்டு நின்றேன். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தை எடுத்துக் காட்டினார். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வெப்பமூட்டும் செலவு யாருடையது என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டுக்காரர் கட்டுகிற பழைய ரேடியேட்டர் வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். ராத்திரியில் யாரோ குழாயைச் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும், பழகிவிடும். சூடு வீட்டுக்காரர் கையில் இருந்தால், செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் குறைந்தது 68 டிகிரி ஃபாரன்ஹீட், இரவில் 66 டிகிரி தர வேண்டும் என்பது நகரச் சட்டம். அதாவது 20, 19 செல்சியஸ். குறைந்தால் 311 எண்ணில் நகராட்சிக்குப் புகார் செய்யலாம்.

பாடம் பதிதல்

ஒரு பாடம் பெரும்பாலும் நான்கு கிரெடிட். முதுகலை மாணவர் விசா நிலையைக் காப்பாற்ற ஒரு குவார்ட்டரில் குறைந்தது எட்டு கிரெடிட், அதாவது இரண்டு பாடம் எடுக்க வேண்டும். இணையவழிப் பாடம் ஒன்றைத்தான் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆக இரண்டில் ஒன்றாவது நேரில் போகிற வகுப்பாக இருக்கட்டும். பல எம்.எஸ். படிப்புகளில் மொத்தம் 12, 13 பாடங்கள். குவார்ட்டருக்கு மூன்று வீதம் எடுத்தால் நான்கு, ஐந்து குவார்ட்டர், இரண்டு வீதம் என்றால் ஆறு, ஏழு. கட்டணம் கிரெடிட் கணக்கில் என்பதால் கல்விச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். சீக்கிரம் முடித்தால் மிச்சமாவது வாடகை.

இருந்தாலும் முதல் குவார்ட்டரில் இரண்டோடு நிறுத்துங்கள். மூன்று எடுத்துத் தேறியவர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் அந்த இலையுதிர் காலத்தில் ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பத்து வாரம் எப்படி ஓடும்

கணினித் துறை முதுகலை வகுப்புகள் பெரும்பாலும் மாலை 5.45க்குத் தொடங்கி 9 மணி வரை, வாரம் ஒருமுறை. பகலில் வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இந்த நேரம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வங்கியில் பத்து வருடம் வேலை பார்த்தவராக இருப்பார். கணக்குப் போடுங்கள்: வாரம் ஒரு வகுப்பு, பத்து வாரம். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போச்சு. செமஸ்டர் முறையில் ஒரு வாரம் விட்டதைப் பிடிக்கிற மாதிரி இங்கே பிடிக்க முடியாது.

முதல் வாரம், டிடூஎல் என்ற வகுப்புத் தளத்தில் பாடத்திட்டம் இருக்கும். அறிமுகப் பேச்சுத்தானே என்று அசட்டையாக இருந்தால், அந்த வாரமே முதல் வீட்டுப்பாடம் வந்து நிற்கும். எல்லாத் தேதிகளையும் அன்றைக்கே போன் நாட்காட்டியில் ஏற்றுங்கள். நான் ஒரு வெள்ளைத் தாளில் பத்துக் கட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். சாம்பார் கொதிக்கும்போது கண்ணில் படும்.

இரண்டாம் வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டியது: இந்தப் பாடம் ஒத்துவருமா, வராதா. அபராதமில்லாமல் பாடத்தை விட ஒரு கடைசித் தேதி உண்டு, கல்வி நாட்காட்டியில் பாருங்கள். அது தாண்டினால் பணம் திரும்பாது. எட்டு கிரெடிட்டுக்குக் கீழே இறங்கப்போகிறீர்கள் என்றால், முதலில் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். வரிசை மாறினால் விசாவே போய்விடும்.

மூன்றாம், நான்காம் வாரம் பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போங்கள். நம்மில் பாதிப் பேர் போவதே இல்லை. தப்புச் செய்தவனைத்தான் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடுவார்கள் என்ற பழைய பயம். இங்கே அந்த நேரம் கேள்வி கேட்பதற்கென்றே ஒதுக்கியது. ஆள் வராமல் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். போகும்போது "புரியலை சார்" என்று போகாமல், எந்தக் கணக்கில் எந்த வரியில் நின்றுவிட்டது என்று தாளோடு போங்கள். மின்னஞ்சலிலும் அப்படியே. தலைப்பில் பாட எண், முதல் வரியில் கேள்வி. 'மதிப்பிற்குரிய ஐயா' பாணி மூன்று பத்தி முன்னுரை வேண்டாம். 'புரொஃபஸர்' என்று குடும்பப் பெயரோடு அழைத்தால் போதும். பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கு வாய் வரச் சில வாரம் ஆகும்.

ஐந்தாம் வாரம் மிட்டெர்ம். ஆறிலிருந்து ஒன்பது வரை குழுத் திட்டங்கள். குழுவை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் தமிழ், தெலுங்கு நண்பர்களோடு மட்டும் சேராதீர்கள். அந்த வங்கிக்காரரோடு சேருங்கள். அவர் நேரத்தை எப்படிப் பங்குபோடுகிறார் என்று பார்ப்பதே ஒரு பாடம். அடுத்த குவார்ட்டருக்கான பதிவும் இந்தக் குவார்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்துவிடும். நல்ல பாடங்கள் சீக்கிரம் நிரம்பும்.

ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ரெகார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது நமக்குத் தவறாகவே தோன்றியதில்லை. நண்பன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து நிரலில் மாறியின் பெயரை மட்டும் மாற்றுவதும் அந்த வகைதான். இங்கே அது திருட்டு. மென்பொருள் கண்டுபிடிக்கும், விசாரணை வரும், பதிவில் நிற்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விஷயத்தில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒவ்வொரு விதி, பாடத்திட்டத்தில் எழுதியிருப்பார்கள். கட்டுரை எழுதுவது சிரமம் என்றால் பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்தில் இலவசமாக உட்கார்ந்து திருத்த உதவுவார்கள். அதைப் பயன்படுத்தாமல் இணையத்தில் வெட்டி ஒட்டுவது போல ஒரு முட்டாள்தனம் கிடையாது.

குளிர், சோறு

நவம்பர் வரை சமாளிக்கலாம். ஜனவரிதான் ஜனவரி. 2019 ஜனவரி 30 அன்று ஓஹேரில் மைனஸ் 30 செல்சியஸுக்கும் கீழே போனது. அப்படி எல்லா வருடமும் நடப்பதில்லை, மைனஸ் பத்து சாதாரணம். முழங்கால் வரை இறங்கும் கோட்டு, நீர்புகாத பூட்ஸ், காதை மூடும் தொப்பி, உள்ளே போடும் தெர்மல் இரண்டு ஜோடி. அக்டோபரில் தள்ளுபடி பார்த்தோ, பட்டம் முடித்துப் போகிறவர்களிடமோ வாங்குங்கள். கையுறை மூன்று ஜோடி, ஏனென்றால் எப்போதும் ஒன்று ரயிலில் போய்விடும். குளிரை விடத் தொல்லை இருட்டு. டிசம்பரில் நாலு இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மாலை வகுப்புக்காரர்கள் மதியம் எழுந்தால் பகலையே பார்க்கமாட்டார்கள். காலையில் எழுந்து வெளியே நடங்கள்.

டெவன் தெருவுக்கு ரெட் லைனில் லயோலா நிலையம் வரை போய், 155ஆம் எண் பேருந்து. வெஸ்டர்ன் அவென்யூ தாண்டியதும் நம் கடைகள் தொடங்கும். அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பிய பட்டேல் பிரதர்ஸ் 1974இல் பிறந்தது இந்தத் தெருவில்தான். கறிவேப்பிலை, இட்லி அரிசி, நல்லெண்ணெய், முருங்கைக்காய் எல்லாம் உண்டு. ஞாயிறு சாயந்திரம் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. மாதம் இரண்டு முறை, இரண்டு பேர் சேர்ந்து, சக்கர வண்டியோடு. கோயில் என்றால் லெமாண்ட்டிலும் ஆரோராவிலும் பெரிய கோயில்கள் இருக்கின்றன, ஆனால் இரண்டும் புறநகர், கார் வேண்டும். 2019இல் பத்தாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது சிகாகோவின் புறநகரில்தான். சிகாகோ தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் போனால் காரில் இடம் தரும் அக்கா அண்ணன்கள் தாமாகக் கிடைப்பார்கள்.

வேலை, வரி

வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும், வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நூலகம், உணவகம், அலுவலக உதவி, பாடம் சொல்லித்தருவது. வெளியே கடைகளில் ரொக்கத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் இருப்பார்கள், நீங்கள் போகாதீர்கள். பிடிபட்டால் படிப்பே போய்விடும். வளாக வேலை கிடைத்த கடிதத்தோடு போனால், சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கும் சமூகப் பாதுகாப்பு எண் தருவார்கள்.

படிக்கும்போதே செய்யும் துறை சார்ந்த பயிற்சி வேலையான சி.பி.டி.க்குப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், இங்கே மூன்று குவார்ட்டர். செப்டம்பரில் வந்தவர் அடுத்த கோடையில் இன்டர்ன்ஷிப் போகலாம். அதற்கான ஆள்தேடல் பெரிய நிறுவனங்களில் முந்தைய இலையுதிரிலேயே தொடங்கிவிடும், அதாவது நீங்கள் அரிசி தேடிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில். ஆகவே ரெஸ்யூமேயை ஊரிலேயே ஒரு பக்கத்துக்குள் அடக்கிக்கொண்டு வாருங்கள். முழுநேர சி.பி.டி. 12 மாதம் ஆகிவிட்டால் பிறகு ஓ.பி.டி., அதாவது படிப்பு முடிந்தபின் துறையில் வேலை பார்க்கும் அனுமதி, கிடைக்காது. ஓ.பி.டி. ஒரு வருடம், அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் என்றால் மேலும் 24 மாதம். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த முதல் நாளே விண்ணப்பியுங்கள்.

ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் வருடா வருடம் வரித் துறைக்குப் படிவம் 8843 அனுப்ப வேண்டும். சம்பாதித்திருந்தால் வருமான வரிப் படிவமும் உண்டு. இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை: இருநாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி, மற்ற நாட்டு மாணவர்களுக்கு இல்லாத நிலையான கழிவை, அதாவது வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் தொகையை, நாம் கோரலாம். உடன் படிக்கும் வேற்று நாட்டு நண்பரைப் பார்த்து அப்படியே நிரப்பினால் இதை இழப்பீர்கள்.

டிசம்பர்

டிபால் நாட்காட்டியில் எனக்குப் பிடித்த பகுதி இது. இலையுதிர்க் குவார்ட்டர் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளை ஒட்டி நவம்பரிலேயே முடிந்துவிடும். அடுத்தது ஜனவரி முதல் வாரத்தில். நடுவே ஏறக்குறைய ஆறு வாரம். வளாகத்துக்குள் முழுநேரம் வேலை செய்து பணம் சேர்க்கலாம், அடுத்த பாடத்தின் நூலை முன்கூட்டியே படிக்கலாம். ஊருக்குப் போகலாம் என்று தோன்றினால் செப்டம்பரிலேயே டிக்கெட் எடுங்கள், டிசம்பர் நடுவில் விலை கண்ணைக் கட்டும். நவம்பர் கடைசியிலேயே கிளம்ப முடிவது நம் குவார்ட்டர்காரர்களுக்குக் கிடைத்த லாபம். மார்கழிக் கச்சேரிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊரில் இருக்கலாம், பொங்கலுக்கு முன் திரும்பிவிட வேண்டும். விமானம் ஏறுமுன் ஐ-20இன் இரண்டாம் பக்கத்தில் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் பயணக் கையெழுத்து இருக்கிறதா, ஒரு வருடம் தாண்டாததா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வு வாரத்துக்கு முன்பே கேட்டு வாங்கி, கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டுக் குடிவரவு வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொரு ஜனவரியும் பார்க்கலாம்.